பந்துக்கு முன்னால் பத்து நிமிடம்

நம் டில்லிக் குடியிருப்புகளில் வடகம் காயப்போட்ட மொட்டை மாடிகளை இப்போது பிள்ளைகள் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். கையில் ஒரு பந்து. கோல் கிடையாது, எதிர் அணி கிடையாது. பந்தைத் தரையில் விழவிடாமல் பாதம், தொடை, மார்பு, தலை, பிடரி என்று மாற்றி மாற்றித் தட்டி வித்தை காட்டவேண்டும். இதற்கு ஃப்ரீஸ்டைல் ஃபுட்பால் என்று பெயர். 2008-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரில் இதற்கென்றே ஓர் உலகப் போட்டி நடந்தது. மைதானமும் வேண்டாம், பதினோரு பேரும் வேண்டாம் என்பதால் ஃப்ளாட் வாசிகளான நம் குழந்தைகளுக்கு இது பிடித்துப் போனதில் வியப்பில்லை.

இதன் ஆதி குருவாக அவர்கள் கொண்டாடுவது மரடோனாவை. 1989 ஏப்ரலில் ம்யூனிக் நகரில் பயர்ன் அணிக்கு எதிரான அரையிறுதி ஆட்டத்துக்கு முன், அரங்கில் ஒலித்த பாட்டுக்கு ஏற்ப அவர் பந்தைத் தட்டி ஆடிய காட்சியைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அதில் ஒன்றை அவர்கள் கவனிப்பதில்லை. மரடோனா அங்கே வித்தை காட்ட வரவில்லை, ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வந்தார். (ஷூ லேஸைக் கட்டாமல் ஆடினார் என்பதும் உண்மை. அதை மட்டும் நம் பிள்ளைகள் தவறாமல் பின்பற்றுகிறார்கள்!)

பார்வைக்கு இது சாதுவான விளையாட்டு. முட்டி மோத ஆளில்லை, காயம் எப்படி வரும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். ‘அரவுண்ட் த வேர்ல்ட்’ என்ற வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து காற்றில் இருக்கும்போதே ஒரு கால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திரும்பவேண்டும். அந்த ஒரு கணத்தில் உடம்பின் முழு பாரமும் மற்றொரு காலில் நிற்கிறது. பையன் பந்தை உதைக்கும் காலைப் பார்க்கிறான், நோவதோ பெரும்பாலும் நிற்கும் கால். ஒரே மாலையில் இதை இருநூறு தடவை செய்தால் கணுக்கால், முழங்கால், தொடை இடுக்கு எல்லாமே கணக்குக் கேட்கும். பிடரியில் பந்தை நிறுத்தும் வித்தைக்குக் குனிந்தே நிற்பதால் இடுப்பும் கழுத்தும் சேர்ந்துகொள்ளும்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன் நான். வட இந்தியக் குளிர்காலத்தில் ரயில்வேயில் இரவு ரோந்து போடுவார்கள். குளிரில் தண்டவாளம் சுருங்க முயலும், முடியாமல் உள்ளே இழுவிசை ஏறும், விடியற்காலையில் எங்காவது பிளந்துகொள்ளும். ஆனால் அந்த விரிசல் அன்றைக்குப் பிறந்ததல்ல. ஆயிரக்கணக்கான சக்கரங்கள் ஏறி இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் பல மாதமாக உள்ளே வளர்ந்தது. குளிர் அதை வாய் பிளக்க வைக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் அடுக்ககத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இரண்டு மாதமாக முழங்கால் வலியோடு ஆடியிருக்கிறான், வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பந்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். அடுத்த வருடம் போர்டு பரீட்சை வேறு. மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தாயாருக்குத் தெரிந்தது. முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு புடைப்பு. வளரும் வயதில், தொடைத் தசையின் நாண் வந்து எலும்பைப் பற்றும் அந்த இடம் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. குதிக்கும்போதெல்லாம் அதை இழுத்தால் வீங்கி நோகும். 1903-ஆம் ஆண்டு இதை விவரித்த ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்களின் பெயரால் வழங்குகிறது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். டாக்டர் சில வாரங்கள் குதிப்பதை நிறுத்தச் சொன்னார், விளையாட்டையே நிறுத்தச் சொல்லவில்லை. தகப்பனாரோ பந்தைப் பரணில் போட்டுப் பூட்டிவிட்டார். அவரிடம் நான் சொன்னது இதுதான்: “பந்தைப் பூட்டினால் பையன் அடுத்த வலியையும் பூட்டி வைப்பான், சார்.” மூன்றாம் நாள் பந்து கீழே இறங்கியது.

இனி செய்யவேண்டியது. முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட்டம், அல்லது கயிறு தாண்டுதல். மூச்சு சற்று வாங்கி, நெற்றியில் ஈரம் தட்டவேண்டும். ஜனவரிக் குளிரில் ஐந்து நிமிடம் போதாது, ஸ்வெட்டரைக் கழற்றாமல் எட்டுப் பத்து நிமிடம் ஆகட்டும். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஊசல்போல வீசவேண்டும். முழங்காலை மடக்கித் தூக்கி, கதவு திறப்பதுபோல் வெளிப்புறம் சுழற்றுவது இந்த ஆட்டத்துக்கு மிகவும் முக்கியம், ஏனென்றால் வித்தையில் பாதி அந்த அசைவுதான். கணுக்காலைச் சுழற்றி, நிதானமாகப் பத்துத் தோப்புக்கரணம். கடைசியாக ஒற்றைக் காலில் முப்பது விநாடி நிற்பது. பல் துலக்கும்போதுகூட இதைச் செய்யலாம். கழுத்தை வேகமாகச் சுழற்றக்கூடாது, மெல்ல ஆட்டினால் போதும். அதன்பின் பந்தை எடுத்து, தாழ்வாக, எளிதாகத் தட்டி, பிறகே வித்தை.

நாம் பள்ளியில் டிரில் மாஸ்டரிடம் கற்றது வேறு. குனிந்து கால் விரலைத் தொட்டு அப்படியே எண்ணிக்கொண்டு நிற்கச் சொல்வார். அப்படி ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் தசையின் துள்ளல் சிறிது நேரம் குறைகிறது என்று இன்று கண்டிருக்கிறார்கள். அதை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். முறையான வார்ம்-அப் பலன் தருமா என்போருக்கு ஒரு செய்தி: நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான கால்பந்துப் பெண்களிடம் சுமார் இருபது நிமிடப் பயிற்சி ஒன்றைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். செய்தவர்களிடையே காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அது அணி ஆட்டத்துக்கானது என்றாலும், கணுக்காலும் முழங்காலும் ஒன்றுதானே.

தரையைப் பற்றியும் சொல்லவேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி கொட்டுவது அழகுக்கல்ல, அதிர்ச்சியைத் தாங்க. மொட்டை மாடியின் சிமென்ட் எதையும் தாங்காது, எல்லாவற்றையும் முழங்காலுக்கே திருப்பி அனுப்பும். பக்கத்துப் பூங்காவில் புல்தரை இருந்தால் அங்கே போகட்டும். இல்லையென்றால் நல்ல அடிப்பாகமுள்ள ஷூ அவசியம். வெறுங்கால், ஹவாய் செருப்பு இரண்டும் வேண்டாம். கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருக்கும் மாடியில் ஆடவே கூடாது, பந்தைப் பார்த்தபடி பின்னால் போகிறவனுக்கு விளிம்பு தெரியாது.

கால் பிசகிவிட்டால் நம் வீடுகளில் முதலில் வருவது எண்ணெய்க் கிண்ணம். பாட்டி சுளுக்கு உருவ உட்கார்ந்துவிடுவார். முதல் இரண்டு மூன்று நாள் உருவலும் சூட்டு ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டும். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை பதினைந்து நிமிடம் வைத்தால் வலி அடங்கும். நான்கு எட்டு நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொழியின் நுனியிலோ பின்விளிம்பிலோ எலும்பைத் தொட்டால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ராத்திரி ஆகிவிட்டதே, காலையில் பார்க்கலாம் என்றால் அதுவரை அந்தக் காலை ஊன்றாமல் இருக்கட்டும்.