கிழக்கேக்கோட்டை – 9: சாலைக்கு வரும் குமாரசாமி

தோவாளைப் பூவும் நாகர்கோவில் பக்கத்து வாழைக்குலையும் காய்கறியும் களியக்காவிளை தாண்டி வந்து சேராவிட்டால், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு காலையில் கண் விழிக்காது. அந்தச் சரக்கெல்லாம் தினமும் லாரியில் வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை, நவராத்திரிக்கு முன்பாக, அதே வழியில் மூன்று தெய்வங்கள் மூன்று நாள் பயணமாக யானை மேலும் பல்லக்கிலும் வருகின்றன. பத்மநாபபுரம் அரண்மனைத் தேவாரக்கட்டிலிருந்து சரஸ்வதி, குமாரகோவிலிலிருந்து வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை.

போன வாரம் ராஜா கேசவதாசன் இந்தக் கடைத்தெருவை உண்டாக்கிய கதையைப் பார்த்தோம். இந்த வாரம் கடைத்தெருவுக்கு வரும் விருந்தாளிகளைப் பார்க்கலாம். விருந்தாளி என்பதுகூடச் சரியாக இருக்காது. குமாரசாமிக்கு இங்கே வழக்கமான தங்குமிடம் உண்டு; அதுவும் சந்தையின் நடுவில், ஆரியசாலை தேவி கோயிலில். நங்கைக்குச் செந்திட்டை தேவி கோயில். சரஸ்வதிக்கு மட்டும் கோட்டைக்குள், பத்மதீர்த்தக் குளத்தை ஒட்டிய நவராத்திரி மண்டபம். ஒரே ஊர்வலத்தில் வந்தவர்கள் ஊருக்குள் வந்ததும் மூன்று தெருக்களாகப் பிரிந்துவிடுகிறார்கள். அதனால் நவராத்திரி பத்து நாளும் கோட்டைக்காரர்களுக்கு ஒரு திருவிழா, சாலைக்காரர்களுக்கு ஒன்று, செந்திட்டைக்காரர்களுக்கு இன்னொன்று.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது? திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரமாக இருந்தவரை நவராத்திரி பூஜையும் அங்கேதான் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். ராஜா இடம் மாறினால் பூஜையும் மாற வேண்டும். ஆனால் சரஸ்வதியை அங்கிருந்து நிரந்தரமாகப் பெயர்த்துக் கொண்டுவர யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. அவள் கம்பர் பூஜித்த சரஸ்வதி என்பது நாஞ்சில் நாட்டு ஐதீகம். கம்பர் தம் கடைசிக் காலத்தில் சேர அரசனிடம் ஒப்படைத்து, வருஷம் தவறாமல் நவராத்திரி நடத்த வேண்டும் என்று வாக்கு வாங்கினாராம். வரலாற்று ஆசிரியர்கள் இதற்குச் சான்று கேட்பார்கள். வாக்கு என்னவோ இன்றுவரை காப்பாற்றப்படுகிறது. பூஜைக்குப் புதிய ஊர், சாமிக்குப் பழைய ஊர்; இரண்டுக்கும் நடுவே சுமார் 55 கிலோமீட்டர் நடை.

நடந்துகொண்டிருந்த பாதையின் குறுக்கே 1956 நவம்பர் 1-ஆம் தேதி ஒரு கோடு விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தெய்வங்களின் சொந்த ஊர் ஒரு மாநிலம், விருந்துக்குப் போகும் ஊர் இன்னொரு மாநிலம். அந்தக் கோடு சுலபமாக விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊர்வலம் முதல் நாள் இரவு தங்குகிற குழித்துறைக்குப் பக்கத்தில்தான் மார்த்தாண்டம். தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தின்போது, 1954 ஆகஸ்ட் 11 அன்று அங்கேயும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது திருவனந்தபுரத்தில் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. சொந்தக் கட்சியின் அரசையே ராஜினாமா செய்யச் சொன்னார் ராம் மனோகர் லோகியா, பட்டம் மறுத்துவிட்டார். துப்பாக்கி வெடித்த அதே நெடுஞ்சாலையில்தான் இன்றும் இந்த ஊர்வலம் மேளம் முழங்கப் போகிறது.

செய்தித்தாள்கள் வருஷந்தோறும் இதை இரு மாநில ஒற்றுமையின் அடையாளம் என்று எழுதுகின்றன. எனக்கு அந்த வார்த்தையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. யார் எந்தச் சாவியை வைத்துக்கொள்வது, யார் எந்தச் செலவைக் கொடுப்பது என்று ஒழுங்காகப் பிரித்து வைத்ததால்தான் இது நடக்கிறது என்று நினைக்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. சுசீந்திரமும் குமாரகோவிலும் தமிழக அறநிலையத் துறையின் கீழ். ஊர்வலம் புறப்படுமுன் அரண்மனை உப்பரிகை மாளிகையிலிருந்து உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்குக்குக் கேரள அமைச்சர்கள் எல்லை தாண்டி வருகிறார்கள். களியக்காவிளையில் தமிழ்நாட்டு அதிகாரிகள் ஒப்படைக்க, கேரள அதிகாரிகள் ஏற்றுக்கொள்ள, இரு மாநிலப் போலீசும் துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்கிறது.

பணக் கணக்கு இதைவிடச் சுவையானது. அது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1956-இல் ஏழாவது திருத்தம் சேர்த்த 290-அ பிரிவின்படி, கேரளம் ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கொடுக்க வேண்டும். தன் பக்கம் வந்த கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம் கொடுக்க வேண்டும். உலகின் மிக நீண்ட அரசியல் சட்டங்களில் ஒன்றில், கன்னியாகுமரிக் கோயில்களின் விளக்கெண்ணெய்க்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்.

முன்னுதித்த நங்கை முந்தின நாளே சுசீந்திரத்திலிருந்து கிளம்பி மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறாள். முதல் இரவு குழித்துறை, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை. சரஸ்வதி யானை மேல், மற்ற இருவரும் பல்லக்கில் என்பது வழக்கம். அந்த யானையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மாட்டுவண்டி போன மண்பாதையில் ஏற்பட்ட வழக்கம் அது. இப்போது தார் கொதிக்கிற தேசிய நெடுஞ்சாலை, முன்னும் பின்னும் ஹாரன். பல்லக்கில் போவது குமாரசாமிக்குக் குறைவில்லை என்றால் சரஸ்வதிக்கு மட்டும் ஏன் குறைவாக வேண்டும்? பக்தர்கள் கோபித்துக்கொள்ளலாம், யானை கோபித்துக்கொள்ளாது.

மூன்றாம் நாள் பாலராமபுரம். பாலராம வர்மா காலத்தில் திவான் உம்மிணித் தம்பி தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய நெசவூர். பிறகு நேமம், பாப்பனங்கோடு, கரமனை. கரமனை ஆற்றுப் பாலம் பொறியாளர் ஹார்ஸ்லி 1853-இல் கட்டியது. அதைத் தாண்டியதும் அக்கிரகாரம். இங்கேதான் நீலகண்ட சிவன் இருந்தார். நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்து, பத்மநாபபுரத்தில் வளர்ந்து, கடைசியில் கரமனைக்கு வந்து சேர்ந்தவர். சரஸ்வதி வருஷாவருஷம் வருகிற பாதையில் ஒரே ஒருமுறை வந்து தங்கிவிட்டவர் என்று சொல்லலாம். திருவனந்தபுரத்தில் படித்த நாட்களில் இளைஞர் ராமையா அவருடைய பஜனையைக் கேட்டுத்தான் தமிழில் பாடல் கட்டும் வழிக்கு வந்தார். அந்த ராமையாவைத்தான் நாம் பாபநாசம் சிவன் என்கிறோம்.

கரமனையிலிருந்து கிள்ளிப்பாலம் வந்தால் சாலைக் கடைத்தெருவின் ஒரு முனை. மறுமுனை கிழக்கேக்கோட்டை வாசல். கொத்துவால் தெரு, சபாபதி கோயில் தெரு, கருப்பட்டிக் கடைச் சந்து என்று கிளைகள். வெல்லம், புளி, வற்றல் மிளகாய், பித்தளை உருளி, பூஜைச் சாமான், கயிறு, பாய் என்று எதைக் கேட்டாலும் ‘இதோ அந்த வளைவில்’ என்று கை நீளும். செட்டியார்கள், வேளாளர்கள், ராவுத்தர்கள் என்று தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கடைக்காரர்கள். வாடிக்கையாளரோடு மலையாளம், கணக்குப்பிள்ளையோடு தமிழ், சுமை இறக்குகிறவரோடு இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்று. பக்கத்து வலியசாலையில் ஒரு நீண்ட அக்கிரகாரமும் காந்தளூர் மகாதேவர் கோயிலும் இருக்கின்றன. ராஜராஜ சோழன் தன் கல்வெட்டுகளில் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று ஒரு சாரார் உறுதியாகச் சொல்கிறார்கள், வேறு இடம் காட்டுகிறவர்களும் உண்டு. சோழன் கலம் அறுத்த இடம் என்று சிலர் சொல்கிற இந்தப் பக்கத்தில்தான் இன்று தமிழ்நாட்டுப் பதிவெண் லாரிகள் சரக்கு இறக்குகின்றன.

இந்தத் தெருவின் எழுத்தாளர் ஆ.மாதவன். 1934-இல் திருவனந்தபுரத்திலேயே பிறந்தவர். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைப் பத்திரிகைகள் வழியாகத் தானே கற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் இதே சாலையில் ‘செல்வி ஸ்டோர்ஸ்’ என்ற பாத்திரக்கடை நடத்தினார். கல்லாவில் உட்கார்ந்து அவர் பார்த்த சுமட்டுக்காரர்களும் சில்லறைத் திருடர்களும் அடியாட்களும் தெருப் பெண்களும்தான் ‘கடைத்தெருக் கதைகள்’ ஆனார்கள். 2015-இல் சாகித்திய அகாடமி விருது வந்தது, கதைகளுக்கு அல்லாமல் ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரைத் தொகுப்புக்கு! 2021 ஜனவரியில் காலமானார். பக்தியின் பளபளப்பை நம்பி மாதவன் சாலையைப் பார்க்கவில்லை. சாமி ஊர்வலம் பார்க்க வருகிறவர்கள் அவர் கதைகளில் இரண்டைப் படித்துவிட்டு வந்தால் நல்லது. பூ தூவுகிற கூட்டத்துக்குப் பின்னால், மூட்டையை இறக்க வழி கிடைக்காமல் தலைச்சுமையோடு நிற்கிறவரும் கண்ணில் படுவார்.

குமாரசாமி வந்து இறங்கியதும் ஆரியசாலை மாறிவிடுகிறது. மொத்த வியாபாரம் நிற்பதில்லை, ஆனால் சாயங்காலத்தில் விலை கேட்கிறவர்களைவிடக் கும்பிட வருகிறவர்கள் அதிகமாகிறார்கள். அவர் முருகன், ஆகவே தமிழருக்கு நெருக்கம் என்று சொல்லிவிட முடியாது. தைப்பூசக் காவடி மலையாளிகளுக்கும் சொந்தம்தான். விஜயதசமியன்று அவர் வெள்ளிக் குதிரையேறிப் பூஜப்புரை மண்டபத்துக்குப் போய்த் திரும்புகிறார். நவராத்திரியின் மற்றச் சடங்குகள் கோட்டைக்குள் அடக்கமாக நடக்க, நகரத்தின் குறுக்கே வெளிப்படையாக நடப்பது இந்தப் பயணம்தான். பஸ்கள் நிற்கும், யாரும் முணுமுணுக்காமல் இருப்பதில்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கிக் கும்பிடுகிறார்கள்.

கோட்டைக்குள் நிலைமை வேறு. சரஸ்வதி பத்மதீர்த்தத்தில் நீராடி நவராத்திரி மண்டபத்தில் அமர்கிறாள். ஒன்பது மாலைகள் அவள் முன்னால் கச்சேரி. ஒவ்வொரு நாளுக்கும் சுவாதித் திருநாள் இயற்றிய ஒரு கீர்த்தனை முதன்மை. முதல் நாள் சங்கராபரணம், ஒன்பதாம் நாள் ஆரபி. மேற்கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒலி சீராகப் பரவுவதற்காக. கைதட்டல் கிடையாது. கச்சேரி தேவிக்கு, கேட்பவர்கள் ஓரமாக உட்கார அனுமதிக்கப்பட்டவர்கள். ஆண்கள் சட்டை போடக் கூடாது, வேட்டி மட்டும். இந்தக் கட்டுப்பாடெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிடிக்காத ஒன்றும் இருந்தது. கலைமகளை அவ்வளவு தூரம் அழைத்துவந்து உட்கார்த்திவிட்டு, அவள் முன்னால் ஒரு பெண் பாடக் கூடாது என்று நூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 2006-இல்தான் அது மாறியது. பாடியவர் பாறசாலை பி.பொன்னம்மாள். சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியில் படித்துத் தேறிய முதல் பெண். அங்கேயே ஆசிரியையாக இருந்தவர். 2006-இல் அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. பாறசாலை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள்: களியக்காவிளை தாண்டியதும் வரும் ஊர். வருஷந்தோறும் சரஸ்வதி அவர் ஊர் வழியாகத்தான் மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பொன்னம்மாள் 2021 ஜூனில் மறைந்தார். அவர் பாடிய பிறகு அந்த மேடையில் பெண் குரல் ஒரு செய்தியாக இல்லாமல் போய்விட்டது. அவருடைய மாணவர் அமிர்தா வெங்கடேஷ் போன்றவர்களின் பேச்சிலும் பாட்டிலும் அந்தப் பெயர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

விஜயதசமி முடிந்ததும் உடனே கிளம்பிவிடுவதில்லை. ஒரு நாள் தங்கல்; அதற்கு நல்லிருப்பு என்று பெயர். அதற்கப்புறம் மூவரும் மறுபடி ஒன்றுசேர்ந்து, வந்த வழியே நெய்யாற்றின்கரை, குழித்துறை என்று தங்கித் தங்கிப் போய்ச் சேருகிறார்கள். வரும்போது இருந்த கூட்டத்தில் பாதி போகும்போது இருக்காது. சாலையில் அதற்குள் தீபாவளிச் சரக்கு வந்து இறங்கத் தொடங்கியிருக்கும்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலும் பஸ்ஸும் தாராளம். ஊர்வலம் நகருக்குள் நுழைகிற மாலையில் கரமனைக்கும் கிழக்கேக்கோட்டைக்கும் நடுவே எந்த வண்டியையும் நம்ப வேண்டாம், நடந்துவிடுங்கள். மண்டபத்தில் கச்சேரி கேட்கப் போகும் ஆண்கள் சட்டையைக் கழற்றி வைக்க ஒரு பை கொண்டுபோவது உத்தமம்.

(அடுத்த வாரம்: பத்மநாபசாமி கோயில் கிழக்கு நடைக்கு எதிரே மணிக்கொருதரம் இரண்டு ஆட்டுக்கடாக்கள் முட்டுகிற மேத்தன் மணி)