அறுவடைக்கு முன் சக்கரத்தைக் கவனியுங்கள்: பேரிங் தேர்வும் தேய்மான அறிகுறிகளும்

கடந்த மாசி மாதம், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையோரம், மக்காச்சோள மூட்டைகளுடன் ஒரு டிரெய்லர் சாய்ந்து நின்றது. இடது சக்கரம் அச்சிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. ஹப்பில் கை வைக்க முடியாத சூடு. "நாலு நாளாவே கரகரன்னு சத்தம் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு சார். லோடு முடியட்டும், பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார் அதை ஓட்டி வந்த விவசாயி.

மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்ற ஆள் கூலி, வண்டி வாடகை, புது ஹப், அச்சு முனைக்கு லேத் வேலை என்று செலவு நீண்டது. பேரிங்கை நேரத்தில் மாற்றியிருந்தால் இதில் ஒரு சிறு பங்குதான் ஆகியிருக்கும். அன்று காலை அதே டிரெய்லரில்தான் அறுவடை ஆட்கள் காட்டுக்கு வந்திருந்தார்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது விதி. ஆனாலும் நடைமுறையில் ஏற்றுகிறோம். சக்கரம் அப்போது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்தப் பகுதியில் விதை, உரம், களை பற்றியே அதிகம் எழுதுகிறேன். ஆனால் விளைந்தது களத்துக்கும் கடைக்கும் போய்ச் சேர்ந்தால்தான் அது வருமானம். "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பார்கள். இன்றைய வண்டிக்கு அந்த அச்சாணியோடு பேரிங்கும் சேர்ந்துகொண்டது. தை பிறந்து அறுவடை தொடங்கும் முன் ஒரு நாளை உங்கள் சக்கரங்களுக்கு ஒதுக்குங்கள்.

எந்தச் சுமைக்கு எந்த பேரிங்?

பேரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். சுமை எவ்வளவு? எந்தத் திசையில் அழுத்துகிறது? எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது?

பால் பேரிங்: உள்ளே குண்டுகள் இருக்கும். வேகம் அதிகம், சுமை குறைவு என்ற இடத்துக்கு ஏற்றது. கிணற்று மோட்டாரில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

ரோலர் பேரிங்: குண்டுக்குப் பதில் உருளைகள். குண்டு ஒரு புள்ளியில் தாங்கும். உருளை ஒரு கோடாகத் தாங்கும். அதனால் மேலிருந்து வரும் பெரும் சுமையைச் சமாளிக்கும். நேர் உருளை பக்கவாட்டு அழுத்தத்தை அதிகம் தாங்காது.

டேப்பர் ரோலர் பேரிங்: உருளைகள் ஒரு பக்கம் சிறுத்துச் சாய்வாக இருக்கும். மேலிருந்து வரும் சுமை, திருப்பத்தில் வரும் பக்கவாட்டுத் தள்ளல் இரண்டையும் தாங்கும். அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கென் 1898-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. டிரெய்லர் சக்கரத்திலும் டிராக்டர் முன்சக்கரத்திலும் இதுவே பொருத்தம். ஒரு ஹப்பில் எதிரெதிராக இரண்டு இருக்கும். வழக்கமாக உள்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது.

ஊசி ரோலர் பேரிங்: ரோட்டாவேட்டருக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் கிராஸில் இருக்கும். இடம் குறைவு, அழுத்தம் அதிகம் என்ற இடத்துக்கானது.

பிளம்மர் பிளாக்: கதிரடிக்கும் இயந்திரத்தின் நீள ஷாஃப்ட்டைத் தாங்குவது. ஷாஃப்ட் சற்றே கோணினாலும் பேரிங் தானே சரிசெய்துகொள்ளும்.

எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

பேரிங் மேல் பொறித்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை 5 ஆல் பெருக்கினால் உள்துளையின் அளவு மில்லிமீட்டரில் கிடைக்கும். 6205 என்றால் 25 மி.மீ., 6206 என்றால் 30 மி.மீ. இந்தக் கணக்கு 04 முதல் பொருந்தும். 6205, 6305 இரண்டுக்கும் துளை ஒன்றே. ஆனால் 6305 வெளிச்சுற்றில் பெரியது, கூடுதல் சுமை தாங்கும். 302, 320, 322 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்கள் டேப்பர் ரோலர் வகை. சில டேப்பர் பேரிங்குகள் அங்குல அளவில் வேறு எண் முறையில் வரும். அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணை வாங்குங்கள்.

"துளை சரியாக இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம்" என்று வேறு வகையைப் பொருத்த விடாதீர்கள். போலிகளும் உலவுகின்றன. ரசீதுடன், நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

கூடுதல் மூட்டை தின்னும் ஆயுள்

சுமை கூடினால் பேரிங்கின் ஆயுள் அதே விகிதத்தில் குறையும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதைவிட மிக வேகமாகக் குறைகிறது. ரோலர் பேரிங்குக்கான பொதுக் கணக்கு இது: சுமை 20 சதவீதம் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். ஒன்றரை மடங்கானால் கால் பங்காகும். இரு மடங்கானால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். "இன்னும் பத்து மூட்டை போடு" என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நடை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு பருவ ஆயுளை இழக்கிறோம்.

தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தம்: டிராக்டர் இரைச்சலில் டிரெய்லர் சக்கரத்தின் சத்தம் ஓட்டுபவருக்குக் கேட்காது. மெதுவாக ஓட்டச் சொல்லி, பாதுகாப்பான தூரத்தில் கூடவே நடந்து கேளுங்கள். உறுமல், கரகரப்பு, வேகம் கூடக்கூட உயரும் ஓசை ஆகியவை தேய்மானத்தின் அடையாளங்கள்.

சூடு: சில கிலோமீட்டர் ஓடிய பின் நிறுத்தி, புறங்கையை ஹப்பின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடிக்கவில்லை என்றால் மட்டும் தொடுங்கள். இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடு என்றால் பேரிங்கோ பிரேக் பிடிப்போ காரணம். அதைப் பார்க்காமல் அடுத்த நடை போகாதீர்கள்.

ஆட்டம்: சுமையை இறக்கி, சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்குக் கீழே முட்டும் கொடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். 'கடக்' என்று ஆடினால் நட் தளர்ந்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. டிராக்டர் முன்சக்கரத்தில் ஆட்டம் ஹப்பிலா, கிங் பின் புஷ்ஷிலா என்று மெக்கானிக்கை வைத்துப் பிரித்தறியுங்கள்.

சுழற்சி: தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வழவழப்பாகச் சுற்ற வேண்டும். மணல் நெறிபடுவது போன்ற உணர்வு வந்தால் கழற்றிப் பாருங்கள்.

கிரீஸ்: ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் வழிந்திருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. கிரீஸ் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் எடுத்துப் பார்க்கும்போது மினுமினுத்தால் அது இரும்புத் துகள்.

கழற்றிய பேரிங்கும் காரணம் சொல்லும். ஓடுபாதை செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் சுமையால் களைத்துப்போனது. நீலமாகக் கருகியிருந்தால் கிரீஸ் இல்லாத சூடு. உருளைகளின் இடைவெளியில் பள்ளங்கள் இருந்தால் பலத்த அதிர்ச்சி அல்லது சுத்தியல் அடி. துரு இருந்தால் தண்ணீர். காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

சேற்று உழவுக்குப் பின்

குளத்துப் பாசன வயல்களில் தொளி அடிக்கும்போது முன்சக்கர ஹப் சேற்றுநீரில் மூழ்குகிறது. ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாக நீரை உள்ளே இழுக்கும். எனவே சாலையில் ஓட்டி வந்தவுடன் வயலில் இறக்காமல் சற்று ஆறவிடுங்கள். தொளி வேலை முடிந்ததும் கிரீஸ் அடியுங்கள்.

மாற்றும்போது

- உள்வளையம் (கோன்), வெளிவளையம் (கப்) இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆயில் சீலும் புதிதாக இருக்கட்டும்.
- ஹப்பை டீசலில் கழுவி, துணியால் துடைத்து, உலரவிடுங்கள். தூசி பறக்கும் களத்தில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.
- கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடையே நிறையும்படி அழுத்துங்கள். மேலாகத் தடவினால் போதாது. வேறு வகை கிரீஸைக் கலக்க வேண்டாம்.
- சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, லேசாகப் பிடிக்கும் நிலை வந்ததும் சற்றுத் தளர்த்தி, புதிய காட்டர் பின் போடுங்கள். தயாரிப்பாளர் கையேட்டில் அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும். கையில் உணரும் ஆட்டம் இருக்கக் கூடாது. அதிக இறுக்கமும் பேரிங்கைக் கருக்கிவிடும்.
- முதல் சில நடைகளுக்குப் பின் சூட்டையும் ஆட்டத்தையும் மறுபடி பாருங்கள்.

மாட்டு வண்டிக் காலத்தில் பயணத்துக்கு முன் அச்சுக்கு வண்டி மை போடாமல் யாரும் புறப்பட்டதில்லை. டிராக்டர் வந்த பின் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போய்விட்டது. விரிவாக்கப் பணியாளர்கள் அறுவடைக்கு முந்தைய கூட்டங்களில் ஒரு டிரெய்லர் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டினால், பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் வண்டியையும் ஆட்டிப் பார்ப்பார்கள். சத்தம் கேட்டால் லோடு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே நிறுத்திப் பாருங்கள்.