பாரியின் தேரும் யமுனைக் கரையும்

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், கல்லூரிக்குப் போய்வந்த பிள்ளை ஒன்றாவது இல்லாத வீடு அரிது. அந்தப் பிள்ளையின் மேஜையில் தடித்தடியான பாடநூல்களுக்கு நடுவே 'சுற்றுச்சூழல் கல்வி' என்று ஒரு புத்தகமும் இருந்திருக்கும். அதற்கு யோகம் அடிப்பது பரீட்சைக்கு முந்தின நாள் மாலையில் மட்டும்தான். "அது சும்மா பாஸ் பண்ணினால் போதும்ப்பா" என்று பிள்ளைகள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அந்தப் புத்தகத்தின் ஒரு மூலையில் 'சுற்றுச்சூழல் அறம்' என்று ஒரு சிறு பகுதி உண்டு. தில்லிக் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகள் அந்தப் பகுதியை நடத்தும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நானோ வணிகவியல் ஆசிரியன். பற்று, வரவு, ஐந்தொகை என்று காலம் தள்ளியவன். எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத பாடம் என்பதால், வாரத்தில் இரண்டு மணி நேரம் குறைவாக இருந்த ஆசிரியர் தலையில் அது விழுந்தது. அப்படி வந்து சேர்ந்த பாடம் எனக்குக் கற்றுத் தந்ததைச் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பாடம் பிறந்த கதை

இந்தப் பாடம் வந்ததற்குக் காரணம் ஒரு வழக்கு. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடர்ந்த பொதுநல வழக்கில், 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று கூறியது. உத்தரவு வகுப்பறைக்கு வந்து சேரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு, பூனாவைச் சேர்ந்த டாக்டர் எரக் பரூச்சா தலைமையில் ஒரு குழுவை அமைத்து, எல்லாப் பட்டப் படிப்புகளுக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றைத் தந்தது. எட்டு அலகுகள். எழுத்துத் தேர்வுக்கு எழுபத்தைந்து மதிப்பெண். நேரில் போய்ப் பார்த்து எழுதும் களப்பணிக்கு இருபத்தைந்து.

அலகுகளில் பெரும்பாலானவை தகவல்கள். காடு எத்தனை வகை, மாசு எத்தனை வகை என்று மனப்பாடம் செய்துவிடலாம். அறம் அப்படியல்ல. அங்கே, 'நாம் என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும்' என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இத்துறை அறிஞர்கள் மூன்று நோக்குகளைச் சொல்வார்கள். சாலையை அகலப்படுத்த ஒரு வேப்பமரத்தை வெட்டப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'நிழல் போய்விடுமே, காற்று கெடுமே' என்று தடுப்பவர் மனிதனை மையமாக வைத்துப் பேசுகிறார். 'வேம்பும் ஓர் உயிர், அதில் வாழும் அணிலும் ஓர் உயிர். நமக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும் அவற்றுக்கு வாழும் உரிமை உண்டு' என்பவர் உயிரை மையமாக வைக்கிறார். 'தனி மரமும் தனி அணிலும் அல்ல. மண், நீர், மரம், பூச்சி, மனிதன் எல்லாம் சேர்ந்த சமூகம் குலையாமல் இருக்க வேண்டும்' என்பது மூன்றாவது நோக்கு. இதை அழுத்தமாகச் சொன்னவர் அமெரிக்க வன அறிஞர் ஆல்டோ லியோபோல்ட். அவருடைய நூல் 1949-ல் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. முந்தின ஆண்டு அண்டை வீட்டார் நிலத்தில் பற்றிய தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்துபோனார்.

இதையெல்லாம் நடத்தும்போது நம் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? கொல்லாமை அதிகாரத்தில் வள்ளுவர் பகுத்துண்டு பல உயிர்களையும் காப்பதைத் தலையாய அறமாக வைத்ததைச் சொன்னேன். படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டு நடந்து போன பறம்பு மலைப் பாரியின் கதையையும் சொன்னேன். பஞ்சாபிப் பிள்ளைகளும் பீகாரிப் பிள்ளைகளும் வாய் திறந்து கேட்டார்கள். எனக்கும் பூரிப்புதான்.

ஒரு மாணவியின் கேள்வி

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள்.

"சார், கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ராஜாவிடம் இன்னொரு தேர் இருந்திருக்கும். அது அவருடைய தேர், அவரே கொடுத்தார். எங்கள் அப்பாவின் தேரை வேறு யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அதற்கு இந்தப் புத்தகத்தில் என்ன பெயர்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல விஷயம் வந்தது. தில்லியின் காற்றையும் நீரையும் காக்க, 1996 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆபத்தான தொழில்கள் என்று பட்டியலிடப்பட்ட 168 ஆலைகளை அந்த ஆண்டு நவம்பர் 30-க்குள் நகரத்தில் மூடச் சொன்னது. அவற்றுள் ஒன்றில் வேலை பார்த்தவர் அவள் அப்பா. ஆலை இடம் மாறினால் தொழிலாளிக்கும் அங்கே வேலை உண்டு, இல்லையேல் நஷ்ட ஈடு உண்டு என்று நீதிமன்றம் சொல்லித்தான் இருந்தது. அவள் அப்பாவுக்கு இரண்டும் கிட்டவில்லை. தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். குடியிருந்தது யமுனைக் கரைக் குடிசைப் பகுதியான புஷ்தாவில். 2004-ல் ஆற்றங்கரையைச் சுத்தம் செய்ய அதையும் இடித்தார்கள். ஊருக்கு வெளியே பவானாவில் இடம் கிடைத்தது. அங்கிருந்து இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வருகிறாள்.

அவள் பேச்சை முடித்த விதம்தான் என்னை உலுக்கியது. "நான் வரும் பஸ் சி.என்.ஜி.யில் ஓடுகிறது சார். அதுவும் அதே கோர்ட் கொடுத்ததுதான். என் தம்பிக்கு ஆஸ்துமா. அதனால் கோர்ட் செய்ததெல்லாம் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை."

1998-ல் பிறந்த அந்த உத்தரவு, 2002 முடிவதற்குள் தில்லியின் பஸ்களை டீசலிலிருந்து மாற்றியது. அக்காலத்தில் ஐ.டி.ஓ. சந்திப்பில் கரும்புகைக்கு நடுவே நின்றவர்கள் அதன் அருமையை அறிவார்கள். ஒரே கை நமக்கு நல்ல காற்றையும் கொடுத்தது, ஒரு குடும்பத்தின் சோற்றையும் எடுத்தது. மூன்று நோக்குகளையும் புரட்டிப் பார்த்தேன். மரத்துக்கும் மனிதனுக்கும் நடுவே எப்படித் தீர்ப்பது என்று அவை பேசின. மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே தீர்க்கும் வழி அவற்றில் அகப்படவில்லை.

யமுனைக் கரையில்

களப்பணிக்கு அந்த ஆண்டு பிள்ளைகளை யமுனைக்கே அழைத்துப் போனேன். யமுனையின் நீளம் 1,376 கிலோமீட்டர். வஜீராபாத் அணைக்கும் ஓக்லா அணைக்கும் இடையே தில்லிக்குள் ஓடுவது 22 கிலோமீட்டர்தான். நூற்றில் இரண்டு பங்கு கூட இல்லை. ஆனால் ஆற்றில் சேரும் மாசில் முக்கால் பங்கு இந்த இரண்டு பங்கிலிருந்து வருகிறது என்பது வழக்கமான கணக்கு.

வஜீராபாத்துக்கு மேலே நீர் நீராக இருந்தது. பறவைகள் இருந்தன. அணைக்குக் கீழே நஜஃப்கர் சாக்கடை வந்து விழும் இடத்தில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இன்று சாக்கடை என்று அழைக்கப்படும் அந்தக் கால்வாய் ஒரு காலத்தில் சாகிபி என்ற ஆற்றின் வழித்தடம். அதில் கறுப்பாக ஓடியது எது? பெரும்பாலும் வீட்டுக் கழிவு நீர். நம் காலனிகளில் குழாயைத் திறந்து, கழிவறைச் சங்கிலியை இழுத்தால் போகும் நீர். குழாய் இணைப்பே இல்லாத புஷ்தாக் குடிசைகள் இடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆற்றின் நிறம் மாறவில்லை. அந்தப் பெண் இதைத் தன் நோட்டில் ஒரே வரியில் குறித்துக்கொண்டாள்.

பாலாறும் குமரப்பாவும்

இந்தக் குழப்பம் தில்லிக்கு மட்டும் உரியதல்ல. நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டுப்போனது என்ற ஆய்வு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அந்த வழக்கில்தான், 1996 ஆகஸ்டில், 'மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும்', 'கேடு வருமுன் காக்க வேண்டும்' என்ற இரண்டு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிமன்றம் அறிவித்தது. இந்தியா முழுவதும் மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. இருந்தும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. அங்கும் ஒரு பக்கம் விவசாயி, மறு பக்கம் தோல் பதனிட்டுக் கூலி வாங்கும் தொழிலாளி. இருவருமே செல்வந்தர் அல்லர்.

இதைப் பற்றிச் சிந்தித்த ஒரு தமிழர் நம் பாடத்திட்டத்தில் இல்லை. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் படிப்பு, அமெரிக்காவில் பொருளாதாரப் படிப்பு முடித்து, பம்பாயில் தொழில் நடத்தி, பின் காந்தியடிகளிடம் போய்ச் சேர்ந்தவர். நிலைத்த பொருளாதாரம் பற்றி 1945-ல் அவர் வெளியிட்ட நூல் சிறையில் எழுதியது. இயற்கையில் காணும் வாழ்க்கை முறைகளை அவர் வரிசைப்படுத்துகிறார். பிறரைக் கொன்று தின்னும் புலி, பிறர் உழைப்பைப் பறிக்கும் குரங்கு, தன் உழைப்பில் கூடு கட்டும் பறவை, கூட்டுக்காக உழைக்கும் தேனீ, பலன் கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய். மண்ணைச் சுரண்டுவதும் மனிதனைச் சுரண்டுவதும் அவருக்கு இரண்டு வேறு பாவங்கள் அல்ல. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989-ல், அமெரிக்கர்களின் காட்டுப் பாதுகாப்புத் தத்துவத்தை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் ஏழைகளே விலை கொடுக்க நேரும் என்று எழுதினார். இந்த இருவரையும் சேர்த்துப் படித்த பிறகுதான் அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் தேடும் திசை எனக்குத் தெரிந்தது.

ஒரு பேரேடு

கணக்கு வாத்தியார் புத்தி கணக்கில்தானே போகும்? அடுத்த ஆண்டு முதல் களப்பணிக்கு ஒரு பேரேட்டு முறையைக் கொண்டுவந்தேன். எந்தத் திட்டமானாலும், எந்தத் தடையானாலும், மூன்று பத்திகள் போட வேண்டும். இதனால் யாருக்கு வரவு? யார் தலையில் பற்று? முடிவெடுக்கும் முன் அவர்களில் யாரைக் கேட்டார்கள்? முதல் பத்தியில் மரத்தையும் மீனையும் சேர்க்கலாம், சேர்க்க வேண்டும். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்த நன்மையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம்.

இதற்காக ஆற்றைச் சுத்தப்படுத்தக் கூடாது என்றோ ஆலைகள் புகை கக்கட்டும் என்றோ நான் வாதிடவில்லை. நல்ல காற்று ஏழைக்குத்தான் இன்னும் அவசரத் தேவை. அவனால் வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி வைக்க முடியாது. ஆனால் ஊர் முழுவதும் அனுபவிக்கும் நன்மைக்கு ஊர் முழுவதும் விலை கொடுக்க வேண்டும். பாரி கொடுத்தது தன் தேர். அதனால்தான் அது கொடை.

அந்த மாணவி புஷ்தாவிலிருந்து பவானாவுக்குப் போன இருபது குடும்பங்களைப் பற்றி எழுதிய களப்பணி அறிக்கைக்கு இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று கொடுத்தேன். பட்டம் பெற்ற பின் சட்டம் படிக்கப் போனாள்.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடம் வரும்போது, 'மார்க்குக்கு உதவாது' என்று ஒதுக்கிவிடாதீர்கள். காலனியில் கார் நிறுத்தப் பூங்காவைக் குறைக்கலாமா, குப்பை பொறுக்கும் பையன்களை உள்ளே விடலாமா என்று கூட்டம் போடுகிறோம் அல்லவா? அந்தப் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்து மூன்று பத்திகளைப் போடச் சொல்லுங்கள். குப்பை பொறுக்கும் பையனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவரச் சொல்லுங்கள். சுற்றுச்சூழல் அறத்தில் அதைவிட நல்ல களப்பணி வேறில்லை.