வாப்பாவுக்கும் ஒரு பெருநாள் இனிப்பு



பெருநாள் காலையில் தொழுகை முடித்து ஆண்கள் வீடு திரும்பும் நேரத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கூடத்தில் விரிப்பு விரித்து, நடுவில் சஹன் வைக்கப்பட்டிருக்கும். வட்டிலாப்பமும் தம்ரூட்டும் கேக்குமாக அடுக்களை மணக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகக் கை நீட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் கை நீட்டாமல், சீனி போடாத தேநீருடன் ஓரமாக அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கிறாரா? எங்கள் வீட்டில் இருந்தார். அவர் என் வாப்பா.

வாப்பாவுக்கு நீரிழிவு நோய் வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. பெருநாள் வந்தால் அவருக்கு இருபக்கமும் இடி. "ஒரு துண்டு தின்றால் என்ன ஆகிவிடும்? நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம் என்று சொல்லாதீர்கள்" என்று வற்புறுத்துவோர் ஒரு பக்கம். "அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள், சர்க்கரை இருக்கிறது" என்று விருந்தினர் முன்னிலையில் தட்டை நகர்த்தி வைப்போர் மறுபக்கம். இரண்டுமே அன்பினால் செய்யப்படுபவைதாம். ஆனால் அவர் முகம் வாடியதை நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு பெருநாள் இரவு, எல்லோரும் உறங்கிய பின் அடுக்களையில் விளக்கைப் போடாமல் நின்றபடி அவர் வட்டிலாப்பம் உண்டுகொண்டிருந்ததை உம்மா கண்டார்கள். அந்த ஆண்டு அவர் காலில் பட்ட சிறு காயம் ஆறுவதற்கு மூன்று மாதங்கள் பிடித்தன. அதன் பிறகே இதைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கினேன்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடெங்கும் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. ஆகவே, சஹனைச் சுற்றி அமர்வோரில் ஒருவரேனும் இந்நோயுடன் இருப்பது இன்று இயல்பாகிவிட்டது.

கடைப் பொட்டலம் கற்றுத் தந்த பாடம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் கொழுந்தனார் நகரத்திலிருந்து வரும்போது 'சீனி சேர்க்காதது' என்று அச்சிடப்பட்ட பிஸ்கட் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்தார். வாப்பா மகிழ்ச்சியுடன் ஆறு பிஸ்கட்டுகளை உண்டார். உண்ணும் முன் வீட்டுக் கருவியில் அவருடைய இரத்தச் சர்க்கரை 148. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 241! கருவி பழுதோ என்று மீண்டும் குத்திப் பார்த்தோம். பழுதில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தாள். சேர்பொருள் பட்டியலில் முதலில் இருந்தது மைதா. "உம்மா, சீனியைத்தான் எடுத்திருக்கிறார்கள், மாவை எடுக்கவில்லையே!" என்றாள். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு அன்று என் மகள் பாடம் நடத்தினாள்.

சகோதரிகளே, நாம் செய்யும் பெரும்பிழை இதுதான். இனிப்பாக இருப்பது மட்டுமே சர்க்கரை என்று எண்ணுகிறோம். மைதாவில் உள்ள மாவுச்சத்து, நாவில் இனிக்காவிட்டாலும், குடலில் செரிக்கும்போது குளுக்கோஸாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது. 100 கிராம் மைதாவில் சுமார் 75 கிராம் மாவுச்சத்து உண்டு. அப்படியானால், 30 கிராம் மைதா சேர்ந்த பலகாரத்தில், சீனி ஒரு துளியும் இல்லாவிட்டாலும், ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டிச் சீனிக்குச் சமமான மாவுச்சத்து மறைந்திருக்கிறது.

இன்னொரு மயக்கமும் நம்மிடம் உண்டு. "கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது, தேன் இயற்கையானது, பேரீச்சம்பழம்தானே" என்பார்கள். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். தேனில் சுமார் 80 விழுக்காடு சர்க்கரைப் பொருள்களே. உலர்ந்த பேரீச்சம்பழத்திலும் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அவற்றுக்கென வேறு நற்குணங்கள் இருக்கலாம். நீரிழிவாளரின் கேக்கில் சீனிக்கு மாற்றாகக் கணக்கின்றிச் சேர்க்க அவை ஏற்றவையல்ல.

மைதாவுக்கு மாற்று எது?

மாவு இல்லாமல் பலகாரமா என்று மலைக்க வேண்டாம். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலில், பாதாமை அரைத்துப் பூரணமாக வைக்கும் 'லவ்ஸீனஜ்' என்ற இனிப்பு இடம்பெறுகிறது. ஸ்பெயின் நாட்டின் கலீசியாப் பகுதியில் பாதாம், முட்டை, சீனி ஆகியவற்றைக் கொண்டே, கோதுமை மாவு இல்லாமல் கேக் சுடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அவர்கள் சீனியைத் தாராளமாகச் சேர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அரைத்த பாதாமே மாவாக நிற்கும் என்பது பழைய அறிவு.

100 கிராம் பாதாமில் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் சேர்ந்து சுமார் 21 கிராம். அதில் 12 கிராம் வரை செரிக்காத நார்ச்சத்து. இரத்தத்தில் சர்க்கரையாகச் சேரக்கூடியது பத்துக் கிராம் அளவே. மைதாவின் 75 கிராமுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

மைதாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் இழுவை வரும். பலகாரத்தை உதிராமல் பிடித்து வைப்பது அந்தப் பசைத்தன்மையே. பாதாமில் அது கிடையாது. அந்த வேலையை முட்டை செய்ய வேண்டும். இதை அறியாமல் நான் முதன்முறை முட்டையைக் குறைத்தேன்; தட்டிலிருந்து எடுக்கும்போதே மண்ணாக உதிர்ந்தது. இரண்டாம் முறை, செலவைக் குறைக்க எண்ணிப் பாதாம் மாவின் அளவுக்கே தேங்காய் மாவைப் போட்டேன். அது ஈரம் முழுவதையும் உறிஞ்சிச் செங்கல்லாக நின்றது. பாதாம் மாவில் நான்கில் ஒரு பங்கு அளவே தேங்காய் மாவு போதும் என்பது பின்னரே தெரிந்தது.

தேங்காய்ப்பால் பாதாம் கேக்: செய்முறை

நம் வட்டிலாப்பத்தின் மணத்தை ஒட்டி, பல முறை செய்து பார்த்துத் தேர்ந்த அளவு இது. எட்டுத் துண்டுகள் வரும்.

அடித்தட்டுக்கு: பாதாம் மாவு 150 கிராம், வெண்ணெய் 40 கிராம், சிறிய முட்டை 1, உப்பு ஒரு சிட்டிகை.

மேல் நிரப்புக்கு: கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி, முட்டை 3, எரித்ரிட்டால் தூள் 60 கிராம், ஏலத்தூள் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை.

பாதாமை வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்துத் தோலுரித்து, ஈரம் முழுதும் போகும் வரை உலர்த்துங்கள். மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். சலித்து, தங்கிய குருணையை மீண்டும் அரையுங்கள்.

மாவில் உப்பைக் கலந்து, குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனிகளால் உதிர்த்துச் சேருங்கள். முட்டையை அடித்து ஊற்றிப் பிசைந்தால் மிருதுவான உருண்டை கிடைக்கும். வெண்ணெய் தடவிய எட்டு அங்குலத் தட்டில் இதை வைத்து, அடியிலும் ஓரத்திலும் ஒரே கனத்தில் அழுத்திப் பரப்புங்கள். முள்கரண்டியால் ஆங்காங்கே குத்திவிட்டு, ஓவனில் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் 12 நிமிடங்கள் சுடுங்கள். ஓரம் இளம் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். பாதாம் விரைவில் கருகும். அடுப்பை விட்டு நகர வேண்டாம்.

நிரப்புக்குரிய முட்டைகளை நுரை பொங்காமல் அடித்து, ஏனையவற்றைக் கலந்து வடிகட்டி, சுட்ட தட்டில் ஊற்றுங்கள். 150 டிகிரி சூட்டில் 25 முதல் 30 நிமிடங்கள் வைத்தால் ஓரம் இறுகி, நடுப்பகுதி மட்டும் லேசாக அசையும். அதுவே பதம். முழுதும் ஆறிய பின் வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிரும்.

ஓவன் இல்லாத வீடுகளில், அடிகனமான பாத்திரத்தில் மணலோ உப்போ பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்து மூடிப் பத்து நிமிடம் சூடேற்றிக்கொள்ளலாம். பிறகு தட்டை உள்ளே வைத்து மெல்லிய தீயில் சுடலாம். குக்கரைப் பயன்படுத்தினால் வெயிட்டையும் கேஸ்கட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

பாதாம் விலை கட்டுப்படி ஆகாதென்றால், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையை இதே முறையில் அரைத்து அடித்தட்டுக்குப் பயன்படுத்தலாம். கடலை மணம் தூக்கலாக இருக்கும். மாவுச்சத்து அதிலும் குறைவுதான். தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையையும் உலர்த்திப் பொடித்து இரண்டு கரண்டி சேர்க்கலாம்.

நான் கணக்கிட்டபடி, ஒரு துண்டில் செரிக்கக்கூடிய மாவுச்சத்து 3 முதல் 4 கிராம். ஆனால் கலோரி சுமார் 230. பாதாமும் வெண்ணெயும் தேங்காய்ப்பாலும் கொழுப்பு மிகுந்தவை. ஆகவே 'தீங்கில்லாதது' என்று மூன்று துண்டு உண்ணலாகாது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

கடைகளில் விற்கும் இனிப்பூட்டிப் பொட்டலங்களைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் பொருள் கலந்திருக்கும். அது இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியது. அஸ்பார்ட்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும், சுடுவதற்கு ஆகாது. சீனித்துளசி எனப்படும் ஸ்டீவியா மிகச் சிறிய அளவிலேயே இனிக்கும், கூடினால் கசக்கும்.

எரித்ரிட்டாலின் இனிப்பு சீனியில் மூன்றில் இரண்டு பங்களவு இருக்கும். இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில்லை. எனினும், இரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. அதுவே காரணம் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே சேர்ப்பது நன்று. இதை அன்றாடப் பண்டமாக்காமல், பெருநாளுக்கும் விருந்துக்கும் என வைத்துக்கொள்வதே எங்கள் வீட்டு முறை.

இன்சுலின் போடுவோரும் சில வகை மாத்திரைகள் உண்போரும், வழக்கமான உணவின் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். அத்தகையோர் மருத்துவரிடம் கேளாமல் உணவு முறையை மாற்ற வேண்டாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் பாதாமும் தேங்காயும் ஒத்துக்கொள்ளாமற் போகலாம். பருப்பு வகை ஒவ்வாதோர் வீட்டுக்கு இதைக் கொடுத்தனுப்பும்போது, உள்ளே இருப்பதைச் சொல்லி அனுப்புங்கள்.

சென்ற பெருநாளன்று

வாப்பாவுக்கெனத் தனிக் கிண்ணத்தில் வைக்க முதலில் எண்ணினேன். உம்மாதான் தடுத்தார்கள். "தனியாக வைத்தால் அது மருந்தாகிவிடும். சஹனிலேயே வை" என்றார்கள். அவ்வாறே சஹனின் நடுவில் வைத்தேன். பேரப் பிள்ளைகளும் எடுத்தார்கள், விருந்தினரும் எடுத்தார்கள், வாப்பாவும் ஒரு துண்டு எடுத்தார். எவரும் அவரைத் தடுக்கவில்லை, எவரும் வற்புறுத்தவுமில்லை. உண்ணும் முன் 139. இரண்டு மணி நேரம் கழித்து 151. உடலுக்கு உடல் இது வேறுபடும். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எப்படி என்பதை, முதன்முறை செய்யும்போது இவ்வாறே அளந்து அறிந்துகொள்ளுங்கள்.

"தேங்காய்ப்பால் மணம் அப்படியே இருக்கிறது" என்றார் வாப்பா. பிறகு, "இனிப்பு கொஞ்சம் குறைவு" என்றும் சொன்னார். அதற்கு உம்மா, "பதினாறு வருடத்தில் உங்கள் நாக்கு இன்னும் திருந்தவில்லையா?" என்று கேட்க, கூடம் முழுதும் சிரித்தது.

சகோதரிகளே, வரும் பெருநாளுக்கு உங்கள் அடுக்களையில் அடுக்கும் பலகாரங்களில் ஒன்றேனும் வீட்டிலுள்ள அனைவரும் உண்ணத்தக்கதாய் இருக்கட்டும். நாளை நாளை என்று தள்ளாமல், பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். முதல் முறை உதிர்ந்தால் மனம் தளர வேண்டாம், எனக்கும் உதிர்ந்ததுதான்.