உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

கேம்பஸ் சீசன் தொடங்கிவிட்டால் கல்லூரி ஹாஸ்டல்களின் முகமே மாறிவிடும். இஸ்திரிக் கடைக்காரருக்கு ஓய்வு இருக்காது. முழுக்கைச் சட்டைகள் அறைக்கு அறை கைமாறும். காலையில் நிறுவனத்தார் தங்களைப் பற்றிச் சொல்வார்கள். அடுத்து ஆன்லைனில் ஆப்டிட்யூட் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு டெக்னிக்கல் ரவுண்டு, கடைசியில் ஹெச்.ஆர். ரவுண்டு. அரியர் இருக்கக் கூடாது, பத்தாம் வகுப்பிலிருந்தே இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளையெல்லாம் தாண்டி வந்த மாணவர்களிலும் பலர், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதல் கேள்வியிலேயே தடுமாறிப் போகிறார்கள். வெளியே வந்ததும் அவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கு இங்கிலீஷ் வரல."

அந்தக் காரணம் பாதிதான் உண்மை.

அதே மாணவரிடம், "உன் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்ன? அதில் நீ செய்த வேலை எது?" என்று தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். அங்கேயும் பதில் தயங்கித் தயங்கித்தான் வரும். "நாலு பேரா பண்ணினோம் சார்... ஐ.ஓ.டி. ப்ராஜெக்ட்" என்பதோடு நின்றுவிடும். மொழி வருவதற்கு முன்பே பேச்சு நின்றுவிடுகிறது. தான் என்ன செய்தோம், அது யாருக்கு எப்படிப் பயன்படும் என்பதை முன்பின் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி சொல்லும் பழக்கம் நம் வகுப்பறைகளில் கிடையாது. பள்ளியிலிருந்தே கேள்விக்கு விடை எழுதித்தான் பழகியிருக்கிறோம். விடைத்தாளில் இல்லாத ஒரே பாடம், நம்மைப் பற்றி நாமே சொல்வது.

சென்னையில் எழுதப்பட்ட வேலை விண்ணப்பங்களில் இன்றும் எடுத்துப் படிக்கத்தக்க ஒன்று உண்டு. 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி, திருவல்லிக்கேணி முகவரியிலிருந்து ஓர் இளைஞர் சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு எழுதியது. மிகச் சிறிய கடிதம். உங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை காலியாக இருப்பதாக அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று நேராகத் தொடங்குகிறது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. என்ற அக்காலக் கல்லூரிப் படிப்பு வரை படித்ததையும், சூழ்நிலையால் மேலே படிக்க முடியாமல் போனதையும் மறைக்காமல் சொல்கிறது. அதன் பிறகு முழு நேரத்தையும் கணிதத்துக்கே கொடுத்து வருவதைக் குறிப்பிட்டு, இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்து முடிகிறது. கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரைக் கடிதம். மார்ச் 1-ஆம் தேதி அந்த இளைஞர் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர்தான் சீனிவாச ராமானுஜன்.

அந்தக் கடிதத்தின் நேர்மையைக் கவனிக்க வேண்டும். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தவர், பிறகு பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேற முடியாதவர். படிப்பு பாதியில் நின்றதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே தான் இப்போது செய்துகொண்டிருப்பதற்குப் போய்விடுகிறார். அரியர் வைத்தவர்களும், ஒரு வருடம் வீட்டில் இருந்தவர்களும் இன்று தடுமாறுவது இந்த இடத்தில்தான். சிலர் மறைக்கப் பார்க்கிறார்கள். மாட்டிக்கொண்டால் மற்ற உண்மைகளின் மீதும் சந்தேகம் விழும். சிலர் ஐந்து நிமிடம் விளக்கம் சொல்லி, கேட்பவர் கவனத்தை அந்தக் குறையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வரி உண்மை, அடுத்து இப்போது செய்யும் வேலை. அவ்வளவு போதும்.

ராமானுஜன் வாழ்க்கையில் ஒரு நேர்காணலும் உண்டு. இன்னும் சுவையானது அதுதான். துறைமுக வேலைக்கு முன்பு, 1910 டிசம்பரில், நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவைப் பார்க்கப் போனார். கணித ஆர்வலரான அந்த அதிகாரிக்கு நோட்டுப் புத்தகத்தைக் காட்டியபோது முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆளைப் பற்றிய சந்தேகமும் தீரவில்லை. மறுபடி சந்தித்தபோது ராமானுஜன் தன் எளிய கண்டுபிடிப்புகளை முதலில் காட்டினார். அவை அச்சில் இருந்த நூல்களையே தாண்டிச் சென்றதை ராவால் உணர முடிந்தது. அங்கிருந்து படிப்படியாக மேலே அழைத்துப் போய், கடைசியில்தான் உலகத்துக்கே புதிதான விஷயங்களைக் காட்டினார். என்ன வேண்டும் என்று ராவ் கேட்டதற்கு, ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கப் பிழைப்புக்கு ஏதேனும் சிறு தொகை கிடைத்தால் போதும் என்றார். தெளிவான கேள்விக்குத் தெளிவான பதில். ராவ் தன் கையிலிருந்து மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரித்தார்.

எதிரில் இருப்பவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கித் தனக்குத் தெரிந்த இடத்துக்கு அழைத்துப் போவது, நேர்காணலில் பாதி வேலை. இது தவறியபோது என்ன நடந்தது என்பதும் அவர் கதையிலேயே இருக்கிறது. லண்டன் பேராசிரியர் ஒருவருக்கு அவரது முடிவுகள் போய்ச் சேர்ந்தபோது, முடிவிலித் தொடர்களில் இடறி விழுந்திருக்கிறார், பாடநூலைக் கவனமாகப் படிக்கட்டும் என்ற அறிவுரைதான் திரும்பி வந்தது. கேம்பிரிட்ஜில் இருவர் உதவ முன்வரவில்லை. 1913 ஜனவரி 16-இல் அதே கேம்பிரிட்ஜின் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம்தான் கதவைத் திறந்தது. மேதைக்கே இத்தனை முயற்சி தேவைப்பட்டது என்பதை, மூன்று நிறுவனங்களில் தேர்வாகாமல் மனம் உடையும் பிள்ளைகளிடம் வீட்டில் உள்ளவர்கள் எடுத்துச் சொல்லலாம்.

இன்றைய ரெஸ்யூமுக்கு வருவோம். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் ஒரே மாதிரிப் படிவம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவுவதே என் குறிக்கோள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். கீழே அப்பா பெயர், மதம், பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு, மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி. அரசுப் படிவங்களில் இவற்றில் சில தேவைப்படலாம். தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் தாளில் இவை இடத்தை அடைக்கின்றன. அந்தக் குறிக்கோள் வாக்கியத்தை யோசிக்காமல் நீக்கிவிடலாம். எல்லோரிடமும் இருக்கும் வாக்கியம் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

பி.காம். படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு மளிகைக் கடை. மாலையில் கல்லாவில் உட்கார்வது, கடன் நோட்டைப் பார்ப்பது, சரக்கு பில்களை அடுக்கி ஜி.எஸ்.டி. தாக்கலுக்காக ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்புவது எல்லாம் அவள்தான். ரெஸ்யூமில் இது எதுவும் இருக்காது. கேட்டால், "அது வீட்டு வேலைதானே" என்பாள். அதற்குப் பதிலாக, 'டேலி தெரியும்', 'கடின உழைப்பாளி' என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டு ஆண்டுகளாகக் குடும்பக் கடையின் அன்றாட வரவு செலவை எழுதுகிறேன், மாதம் இத்தனை கொள்முதல் பில்களைச் சரிபார்க்கிறேன், பழைய கடன் நோட்டை எக்ஸெலுக்கு மாற்றி யாரிடம் எவ்வளவு பாக்கி என்று உடனே பார்க்கும்படி செய்தேன் என்று அவள் எழுதினால், கணக்குப் பிரிவில் ஆள் தேடுபவர் அந்தத் தாளைக் கீழே வைக்கமாட்டார். கடின உழைப்பாளி என்று அவள் சொல்லத் தேவையில்லை, படிப்பவரே சொல்லிக்கொள்வார்.

வேலைவாய்ப்பு இணையதளங்களில் ஏற்றும் ரெஸ்யூமைப் பல இடங்களில் முதலில் மென்பொருள்தான் வகைப்படுத்துகிறது. படங்கள், இரண்டு பத்தி அமைப்பு, அலங்காரக் கட்டங்கள் எல்லாம் அதைக் குழப்பக்கூடும். அறிவிப்பில் கேட்டிருக்கும் திறனின் பெயர் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்த ஒன்றாக இருந்தால், அதே பெயரில் ரெஸ்யூமிலும் இருக்கட்டும். புதிதாகப் படித்து வருபவருக்கு ஒரு பக்கம் போதும். கோப்பின் பெயரும் உங்கள் பெயராக இருக்க வேண்டும். 'ரெஸ்யூம் ஃபைனல் நியூ 2' என்று வரும் கோப்பு, நூறு கோப்புகளுக்கு நடுவே யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

மின்னஞ்சலில் நம் மாணவர்கள் இன்னும் கவனம் வைக்க வேண்டும். பொருள் என்ற இடம் காலி, உள்ளே ஒரு வரிகூட இல்லை, இணைப்பில் மட்டும் ரெஸ்யூம் என்று அஞ்சல்கள் போகின்றன. எந்த வேலைக்கு, யார் விண்ணப்பிக்கிறார் என்பது பொருள் வரியிலேயே தெரிய வேண்டும். உள்ளே நான்கு வாக்கியங்கள் போதும்: அறிவிப்பை எங்கே பார்த்தேன், என்ன படிக்கிறேன், இந்த வேலைக்குப் பொருந்தும்படி நான் செய்த ஒரு காரியம், எப்போது பேச முடியும். லிங்க்ட்இன்னில் முகம் தெரியாத சீனியருக்கு 'ப்ளீஸ் ரெஃபர் மீ சார்' என்று மட்டும் அனுப்புவதும் இதே கதைதான். பணியாளர் பரிந்துரைக்கும் ஏற்பாடு பல நிறுவனங்களில் முறைப்படியே இருக்கிறது. எந்தப் பணியிடம் என்பதைக் காட்டும் எண்ணையும், தான் ஏன் பொருத்தம் என்ற இரண்டு வரியையும் சேர்த்து அனுப்பினால் அந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் உதவுவது எளிது.

விண்ணப்பித்த பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் "யாரு?" என்று அதட்டாமல், பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பேருந்தில் இருந்தால், பத்து நிமிடத்தில் நானே அழைக்கலாமா என்று கேளுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

ஆங்கிலத்தின் பங்கு குறைவு என்று சொல்வதற்கில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டிய வேலைக்கு அது தேவை. கணினியே குரலைக் கேட்டு மதிப்பெண் போடும் வெர்சன்ட் போன்ற தேர்வுகளும் வந்துவிட்டன. ஒரு வாக்கியத்தைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், சிறு கதையைக் கேட்டுச் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். கூர்ந்து கேட்கும் பழக்கத்தையும் சேர்த்தே இது சோதிக்கிறது. தினமும் ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, மூன்று செய்திகளை உரக்கச் சொல்லிப் பார்ப்பது செலவில்லாத பயிற்சி. ஆனால் வரிசை முக்கியம். தன் ப்ராஜெக்டைத் தமிழில் இரண்டு நிமிடம் தெளிவாகச் சொல்லப் பழகியவர், அதை எளிய ஆங்கிலத்துக்குக் கொண்டுவர முடியும். யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கிலப் பதிலை மனப்பாடம் செய்தவர், குறுக்கே ஒரு கேள்வி வந்தாலே நின்றுவிடுவார். மனப்பாடப் பதில்களை விற்கும் பயிற்சி வகுப்புகள் மாணவர்களுக்கு நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்கின்றன.

குழு விவாதத்திலும் முதலில் பேசினால் மதிப்பெண், சத்தமாகப் பேசினால் மதிப்பெண் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளர், மற்றவர் சொன்னதை யார் கேட்டார், வாய் திறக்காதவரை யார் உள்ளே இழுத்தார், பேச்சு தடம் மாறியபோது யார் திருப்பிக் கொண்டுவந்தார் என்பதையும் குறித்துக்கொண்டிருப்பார்.

இத்தனை தயாரிப்போடு வேலை தேடும் பிள்ளைகளை ஏமாற்றவும் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று வேலை தருபவர் பணம் கேட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். பெரிய நிறுவனத்தின் பெயரில் வரும் நியமனக் கடிதம் சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தாலும் அப்படித்தான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலையில் தள்ளப்பட்டு, 2022-இல் மீட்கப்பட்டுத் திரும்பினார்கள். வெளிநாட்டு வேலை என்றால், ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

கேம்பஸில் வேலை கிடைக்காதவர்களுக்கும் வழிகள் உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகின்றன. தரமணியில் இயங்கும் தென் மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாகப் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமா முடித்தவர்களும் மட்டுமின்றி, கலை, அறிவியல் பட்டதாரிகளும் ஓராண்டு உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. அந்த ஓராண்டு, ரெஸ்யூமில் எழுதத்தக்க முதல் உண்மையான அனுபவமாகிவிடும்.

2022 மார்ச் 1-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. அது நல்ல தொடக்கம். ஆனால் பேச்சுப் பழக்கத்தை எந்தத் திட்டமும் ஒரு பருவத்தில் ஊட்டிவிட முடியாது. பல கல்லூரிகளில் ப்ளேஸ்மென்ட் பயிற்சி என்பது இறுதியாண்டில் அவசர அவசரமாகச் சில வாரங்கள் நடந்து முடிகிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அது போதாது. வீட்டில் இன்டர்வியூவுக்குப் போய் வந்தவர் யாருமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: முதலாண்டிலிருந்தே வாரம் ஒரு வகுப்பை ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் தான் செய்த ஒரு வேலையைப் பற்றி, அது ஆய்வகப் பயிற்சியோ அப்பாவின் கடைக் கணக்கோ எதுவானாலும், ஐந்து நிமிடம் எழுந்து நின்று பேசட்டும். தமிழில் தொடங்கட்டும், ஆங்கிலத்துக்குப் போகட்டும், நடுவில் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.