திருப்புளி யார் கையில்?

கேரளத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு இது தொடங்கியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுதி இதில் சேர்கிறார்கள். கம்ப்யூட்டர் கற்கிறார்கள். ரோபோவும் செய்து பழகுகிறார்கள்.

ரோபோ என்றால் மனிதனைப் போல நடக்கும் பொம்மையா? அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். அது மட்டும் அல்ல. சுற்றியிருப்பதை உணர்ந்து தானே வேலை செய்யும் இயந்திரம் எதுவும் ரோபோவுக்கு உறவுதான். இருட்டினால் தானே எரியும் தெருவிளக்கைப் பாருங்கள். இருட்டை உணர்வது சென்சார். அது கண் போன்றது. விளக்கை எப்போது ஏற்றுவது என்று முடிவு செய்வது ஒரு சிறிய மின்பலகை. அது மூளை போன்றது. பிள்ளைகள் இதையும் செய்து பார்க்கிறார்கள்.

2022ஆம் ஆண்டு இந்தப் பள்ளிகளுக்கு ரோபோ கருவிப் பெட்டிகள் வந்தன. பெட்டிகள் சில. பிள்ளைகள் பலர். சிக்கல் இங்கேதான்.

சூட்டிகையான பையன் ஒருவன் பெட்டியைத் திறப்பான். ஒயரை அவனே மாட்டுவான். திருப்புளியும் அவன் கையில்தான். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பெண்பிள்ளைகளிடம் நோட்டு வரும். "உன் கையெழுத்து அழகு. நீ எழுது" என்பார்கள். விளக்கு எரியும். எல்லாரும் கை தட்டுவார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பெட்டி பீரோவில் தூங்கும்.

இதைத் தடுப்பதுதான் அணித் தலைவரின் வேலை. தலைவரும் ஒரு மாணவர்தான். ஐந்து பேர் ஒரு குழு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒயர் மாட்டுவார். ஒருவர் கம்ப்யூட்டரில் கட்டளை எழுதுவார். ஒருவர் சோதிப்பார். ஒருவர் நோட்டு எழுதுவார். ஒருவர் பொருள்களை எண்ணிப் பெட்டியில் வைப்பார். கடலைப் பருப்பு அளவு விளக்கு ஒன்று தொலைந்தாலும் அடுத்த குழுவுக்கு வேலை நின்றுவிடும். வாரந்தோறும் வேலைகள் கை மாறும். பிறர் தடுமாறும்போது தலைவருக்குக் கை துறுதுறுக்கும். பிடுங்கிச் செய்யக் கூடாது. பொறுத்திருப்பது லேசான காரியம் அல்ல.

நோட்டில் தவறுகளையும் எழுத வேண்டும். 'விளக்கு எரியவில்லை. சிவப்பு ஒயர் இடம் மாறியிருந்தது' என்று ஒரு வரி போதும். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கு ஒரு மாலைப் பொழுது மிச்சம்.