மூவேளை மணி

கத்தோலிக்க ஆலயங்களில் காலை 6, நண்பகல் 12, மாலை 6 என்று ஒலிக்கும் மணியைக் கேட்டிருப்பீர்கள். மும்மூன்றாக மூன்று தடவை அடித்து, கடைசியில் தொடர்ந்து அடிப்பது வழக்கம். மூவேளை செபத்துக்கான அழைப்பு அது.

செபம் ஓரிரு நிமிடம்தான். வானதூதர் கபிரியேல் நாசரேத்தூர் மரியாவிடம் செய்தி சொன்னது, அவர் அதற்கு இசைந்தது, இறைவார்த்தை மனிதரானது ஆகிய மூன்றையும் அது நினைவுகூர்கிறது. ஒவ்வொன்றுக்கும் பின் ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ செபம். மரியா அந்தச் செய்தியைக் கேட்டது எருசலேம் கோவிலில் அல்ல, கலிலேயாவின் ஒரு சிற்றூரில். அதனால்தானோ என்னவோ, இந்தச் செபம் அடுப்படிக்கும் வயலுக்கும் இவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது!

பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857 முதல் 1859 வரை இந்தச் செபவேளையைத் தீட்டிய ஓவியம் ஒன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கு வயல், அந்தி வெளிச்சம், தொலைவில் ஆலயக் கோபுரம். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓர் ஆண், கைகளைக் குவித்துத் தலைகுனிந்த ஒரு பெண். காலடியில் கிழங்குக் கூடை. மணி கேட்டதும் வேலையை நிறுத்திச் செபிக்க வைத்த தன் பாட்டியின் நினைவில் வரைந்தாராம். முகங்கள் இருளில் மங்கியிருக்கின்றன. ஆனாலும் அந்த அமைதி நம்மைத் தொட்டுவிடுகிறது.

மூவேளை செபத்தின் வரலாற்றில் வானொலிக்கும் பங்கு உண்டு. 1954 ஆகஸ்ட் 15, மரியாவின் விண்ணேற்பு விழா அன்று, திருத்தந்தை 12ஆம் பயஸ் இந்தச் செபத்தை வானொலி வழியே சொன்னார். இன்றும் ஞாயிறு நண்பகலில், புனித பேதுரு சதுக்கத்தில் கூடும் மக்களோடு திருத்தந்தையர் அதைச் சொல்கிறார்கள்.